இடிகார் ஞாயிறுகள்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து கனநாள். பதில் எழுதத்தான் சுணங்கிவிட்டது, கோபிக்காதே. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பது பெரிய ஆறுதல். இங்கே மூத்தவளுக்கு மான்செஸ்ரரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சின்னவன் எங்களோடுதான். புதிதாக மின்சாரக் கார் ஒன்று வாங்கி வாசலில் விட்டிருக்கிறான். போன மாதம் இவள் கடைக்குப் போய்வந்து அதை மதிலோடு உரசிவிட்டாள். இரண்டு அங்குலக் கீறல்தான். அதற்குத் தாயும் மகனும் ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் நடுவில் இருந்து சிரிக்க, இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். விம்பிள்டனில் நீயும் நானும் பார்த்ததை இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

நாம் இடிகார் என்று சொல்லும், பழைய கார்களை முட்டவிடும் பந்தயம் விம்பிள்டன் அரங்கத்தில் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். இல்லையடாப்பா. 2017 மார்ச் 25, சனிக்கிழமை இரவு கடைசி நாய் ஓட்டம். மறுநாள் ஞாயிறு கடைசிக் கார் ஓட்டம். அதோடு பூட்டிவிட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் இடித்து, 2020 நவம்பரில் அதே இடத்தில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன்காரரின் உதைபந்தாட்ட மைதானம் திறந்தது. சுற்றிவரத் தொடர்மாடி வீடுகள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 1991இல் பிளவ் லேனில் இருந்த பழைய மைதானத்தை விட்டுப் போனதில் இருந்து அந்தத் தெருவுக்குத் திரும்பி வரவேண்டும் என்று ஏங்கிக் கிடந்த சனம். ஒருவருடைய ஊர் திரும்பக் கிடைத்தது, இன்னொருவருடையது போனது. நமக்கு இது புதுக்கதையா என்ன?

ஞாபகம் இருக்கிறதா, காலையில் எஃப்ரா ரோட் பிள்ளையார் கோவில், மத்தியானம் அறையில் ஒரு குட்டித் தூக்கம், பின்னேரம் ரூட்டிங்கில் இருந்து கரட் லேன் வழியாக நடை. சமர்ஸ்ரவுனை நெருங்கும்போதே எஞ்சின் சத்தம் கேட்கும். உனக்கு அதோடு கால் வேகம் பிடிக்கும். அந்த நாளில் இரவு வேலை முடிந்து ரோட்டால் தனியே வரவே நமக்குப் பயம். ஆனால் அந்த அரங்கத்துக்குள் நம்மை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. எல்லோருடைய கண்ணும் இடியில்.

நம்மை முதலில் அங்கே கூட்டிப்போனது யார் என்று நீ மறந்திருக்க மாட்டாய். பெற்றோல் ஸ்ரேசனுக்குப் பின்னால் கராச் வைத்திருந்த கிழவர். தேநீரைக் கையில் எடுத்தால் பழங்கதைதான். 1954 பெரிய வெள்ளிக்கிழமை, நியூ குரொஸ் மைதானத்தில் இந்த நாட்டின் முதல் ஸ்ரொக் கார் பந்தயம் நடந்தபோது தான் பையனாகப் போய்ப் பார்த்ததாகச் சொல்லுவார். யுத்தத்துக்கு முந்திய பெரிய அமெரிக்கக் கார்களும் ஃபோர்ட் வி8 களும் ஒன்றோடொன்று முட்டியதைக் கையை மடக்கிக் காட்டுவார். அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு. ரேஷன் காலம் இன்னும் முடியாத லண்டனில் அதைப் பார்க்கச் சனம் திரண்டதாம்.

ஆனால் அவருடைய கதையில் எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பிறகுதான் வரும். ஸ்ரொக் கார் மெல்ல மெல்லக் காசுக்காரன் விளையாட்டாகிவிட்டது. பந்தயத்துக்கென்றே சேசிஸ் கட்டி, பெரிய எஞ்சின் பூட்டி, கிழமை முழுக்க அதோடேயே மினக்கெட வேண்டும். சாதாரண மெக்கானிக்குக்கும் இறைச்சிக்கடைப் பெடியனுக்கும் அது எட்டாது. அந்த நேரம் பார்த்து அரசாங்கம் ஒரு வேலை செய்தது. 1960இல், ரோட்டில் ஓடத் தகுதியா என்று காரைப் பார்க்கும் எம்.ஓ.ரி. சோதனை வந்தது. முதலில் பத்து வயது தாண்டிய கார்களுக்கு, 1967 அளவில் மூன்று வயது தாண்டிய கார்களுக்கே. இங்கத்தைக் குளிருக்கும் ரோட்டில் போடும் உப்புக்கும் கீழ்த்தகடு உக்கிப்போன கார்கள் வரிசையாகத் தவறின. எஞ்சின் நன்றாக ஓடும், ஆனால் ரோட்டில் விட முடியாது. வாங்க ஆள் இல்லை, பழைய இரும்புக்காரன் தருவதும் சில்லறை. சில பவுணுக்கு ஒரு கார். சில நேரம் 'கொண்டுபோய்த் தொலை' என்று சும்மாவே கொடுத்தார்கள். அப்படித்தான் பேங்கர் ரேஸ், நாம் சொல்லும் இடிகார், வளர்ந்தது. கிழவரும் அறுபதுகளில் அல்டர்ஷொட்டில் அப்படி ஒன்றை ஓடியவர். பரிசுக் காசு பெற்றோலுக்கும் காணாது என்பார். திங்கட்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் வேலைக்குப் போய், அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்களாம்.

பந்தயத்துக்கு ஒரு காரை ஆயத்தப்படுத்துவதை அவர் கராச்சில் பக்கத்தில் நின்று பார்த்தோமே, எனக்குப் பந்தயத்தை விட அது பிடித்திருந்தது. கண்ணாடி முழுக்கக் கழற்ற வேண்டும். சீற், கம்பளம், கூரைத் துணி எல்லாம் வெளியே. கதவுகளைச் சங்கிலி போட்டோ வெல்ட் அடித்தோ மூடிவிடுவார்கள். சாரதி யன்னலால்தான் ஏறி இறங்க வேண்டும். பின்னால் இருக்கும் பெற்றோல் தாங்கியை எடுத்து எறிந்துவிட்டு, சின்னத் தாங்கி ஒன்றை உள்ளே இறுக்கிக் கட்டுவார்கள், பின்பக்கம் இடிபட்டாலும் தீப்பிடிக்காமல் இருக்க. பற்றரியும் உள்ளே வரும். சாரதிப் பக்கக் கதவுக்கு இரும்புத் தகடு, முதுகுக்குப் பின்னால் உருக்குச் சட்டம். பிறகு சம்மட்டியை எடுத்து, மட்காட் ரயரில் முட்டாதபடி விளிம்புகளை அடித்து மடக்குவார்கள். கடைசியாகப் பெயின்ற். இலக்கத்துக்குக் கீழே காதலியின் பெயர், 'ஹப்பி பேர்த்டே மம்', மீன்கடை விளம்பரம், எது வேண்டுமென்றாலும். இவ்வளவு பாடும் ஒரு பின்னேரத்துக்குத்தான்.

ஓட்டம் தொடங்கினால் உனக்குத் தெரியும். ஏறத்தாழக் கால் மைல் வட்டத்தில் முப்பது நாற்பது கார். முதல் வளைவிலேயே பாதி மதிலில். ராடியேற்றர் வெடித்து நீராவி எழும்பி, அதற்குள் இருந்து ஒரு ஃபோர்ட் கிரனாடா மூக்குச் சப்பையாகி வெளியே வரும். முட்டுவதற்கு முழு அனுமதி. சாரதிக் கதவில் வேண்டுமென்று இடிப்பது மட்டும் மகா பாவம், வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒருவன் உள்ளே அகப்பட்டால் சிவப்புக் கொடி, அந்தக் கணமே எல்லாம் நிற்கும். அந்த ஒழுங்கை நான் எப்போதும் மதித்தேன். விசரர் கூட்டம் என்று வெளியில் சொல்வார்கள், ஆனால் அந்த விசருக்கு ஒரு வரம்பு இருந்தது. கடைசியில் உருளக்கூடியதை எல்லாம் நடுவில் விட்டு மோதவிடுவார்கள், அசையும் கடைசிக் கார் வென்றது. முதலாவதாக வந்தவனை விட அதில் வென்றவனுக்குத்தான் கைதட்டல் கூட.

அந்த ஒரு பின்னேரம் மட்டும் நீ கைதட்டவில்லை. கார்கள் நிற்கும் பக்கம் போனபோது, ஃபோர்ட் கோட்டினாக்களுக்கு நடுவே ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் ஒன்று நின்றது. உன் அப்பா யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் ஹயருக்கு விட்டிருந்த அதே உரு, வால் கூர்ந்த பின்பக்கம். பச்சைப் பெயின்றை வாளியால் ஊற்றினதுபோல் பூசியிருந்தார்கள். நீ ஒன்றும் சொல்லாமல் ஸ்ரியறிங்கைப் பிடித்துப் பார்த்தாய். பிறகு அந்த வெள்ளைக்காரனிடம் போய், கழற்றிப் போட்ட சாமான் எங்கே என்று கேட்டாய். அவன் வானுக்குள் இருந்து ஒரு மரப்பெட்டியைக் காட்டி, எடு என்றான். ஹெட்லைற் வளையங்கள், யன்னல் சுற்றும் கைப்பிடி, டிஸ்ரிபியூற்றர் மூடி ஒன்று, சுவிச்சுகள். காசு நீட்ட அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ ஊருக்குப் போகிறவரின் பெட்டிக்குள் அதெல்லாம் சறத்தில் சுற்றிப் போனது. அதன் பிறகு நாம் ஒவ்வொரு முறையும் பந்தயம் தொடங்க முன்னமே போய்ச் சாமான் பொறுக்கத் தொடங்கினோம். அவர்களுக்கும் நம்மைத் தெரிந்துவிட்டது. 'சிலோன், இன்றைக்கு மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஒன்று இருக்கு' என்று கூப்பிடுவார்கள்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணால் காணாமல் போனபோது, உன் அப்பா அந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தது பற்றி எழுதியிருந்தாரே. போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, காபரேற்றரில் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் எண்ணெய் கலந்த மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் கறுப்புப் புகை. யாழ்ப்பாணம் முழுக்க அந்தக் காலம் அப்படித்தான் ஓடியது. நான் அந்தக் கடிதத்தை இங்கே படித்துவிட்டு அதே ஞாயிறு விம்பிள்டனுக்குப் போனேன். நீ அப்போது ரொறன்ரோவில். ஒரு மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டை மூன்று கோட்டினா சேர்ந்து மதிலோடு நசித்தன. எனக்குக் கவலையும் வரவில்லை, முன்னைய பம்பலும் வரவில்லை. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றியிருப்பானோ என்றுதான் மனம் ஓடியது.

இப்போது நிலைமை முழுக்க மாறிவிட்டது. 2009இல் அரசாங்கம் பழைய காரை நசிக்கக் கொடுத்தால் புதுக்காருக்கு 2,000 பவுண் கழிவு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது முடிவதற்குள் ஏறத்தாழ நாலு லட்சம் கார் போயின. நல்லது கெட்டது எல்லாம் சேர்த்து. தப்பிய கோட்டினாவும் கிரனாடாவும் இப்போது சேகரிப்புக்காரரின் பொருள், ஆயிரக்கணக்கில் விலை. அப்படி ஒன்றைப் பந்தயத்தில் விட்டால் பழைய கார்ப் பிரியர்கள் கொதிக்கிறார்கள். அவர்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கார்கள் யாருக்கும் வேண்டாமல் புல்லுக்குள் உக்கிக் கிடந்தபோது இவர்கள் எங்கே போனார்கள்? அன்றைக்கு இடிகாரர்தான் அவற்றைக் கடைசியாக ஒருமுறை ஓடவைத்தவர்கள். பந்தயக்காரரிலும் எனக்குக் குறை உண்டு. இப்போது சிலர் ஒரு காருக்கு மாதக்கணக்கில் வெல்ட் அடிக்கிறார்கள், செலவைக் கேட்டால் தலை சுற்றும். ஸ்ரொக் கார் போன அதே பாதை. விலை இல்லாத கார் என்பதால்தானே இடித்துவிட்டுச் சிரிக்க முடிந்தது? காசு கொட்டினால் கணக்குப் பார்க்கத்தான் தோன்றும்.

நம் ஊர் மாட்டுவண்டிச் சவாரிக்காரர் மாட்டுக்கு முட்டையும் உழுந்தும் ஊட்டிவிட்டுத் தாங்கள் பழஞ்சோறு சாப்பிட்ட மாதிரி இவர்களும் வந்துவிட்டார்களோ என்று யோசிக்கிறேன். அதிலும் ஒரு அழகு இருக்கிறதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஓகஸ்ட்டில் இங்கே வருவதாக எழுதியிருந்தாய். ஈஸ்ற்போர்ன் பக்கத்தில் அர்லிங்டனில் இன்னும் இடிகார் ஓடுகிறது. சின்னவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அந்த மின்சாரக் காரிலேயே கூட்டிப்போவானாம், ஆனால் தூரத்தில்தான் நிற்பாட்டுவானாம். ரிக்கெற் போட்டதும் திகதியை எழுது, அங்கே ஓட்டம் உள்ள நாளைப் பார்த்து வைக்கிறேன். நல்ல உடுப்புப் போட்டு வராதே, வேலிக்குக் கிட்ட நின்றால் ரயர்த் தூள் முழுக்க மேலேதான். மருந்து விசயத்தில் டொக்ரர் சொன்னதைக் கேள். தங்கச்சியையும் பேரப்பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய ரூட்டிங் அறைக்காரன்