ஒரு பாலாடையும் சில நன்றிகளும்

அன்புள்ளவர்களுக்கு,

எங்கள் மகள் 2022 டிசம்பரில் உதட்டுப்பிளவோடும், வாயின் மேற்கூரையான அண்ணத்தில் பிளவோடும் பிறந்தாள். முதல் பத்து நாள் நான் அவளை ஒரு படம்கூட எடுக்கவில்லை. கேட்டவர்களிடம் போனில் சார்ஜ் இல்லை என்றேன்.

பார்க்க வந்தவர்கள் குழந்தையை விட்டுவிட்டு என் மனைவியை விசாரித்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணமாயிற்றே, வெளியே வந்தாயா? கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போயிருந்தாள். அந்த ஒரு வாளித் துணிக்காக எத்தனை இரவு அழுதாள்! டாக்டர் அம்மா, நீங்கள்தான் மருந்துச்சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து, மேலுதடு கூடுவது கருவின் ஏழாவது வாரத்துக்குள், கிரகணம் வந்ததோ எட்டாவது மாதத்தில் என்று கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். அந்தச் சீட்டு எங்கள் பீரோவில் இருக்கிறது. இப்போதும் யாராவது கேட்டால் எடுத்து நீட்டுகிறாள்.

செவிலியர் அக்கா, உங்களுக்கு என்ன சொல்வது? குழந்தையால் உறிஞ்ச முடியாது. குடித்த பால் மூக்கு வழியே வந்துவிடும். 20 மில்லி உள்ளே போக அரைமணி நேரம். நீங்கள் “பயப்படாதீர்கள்” என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவளை நிமிர்த்தி என் மடியில் வைத்து, பால் புகட்டும் சின்னக் கிண்ணமான பாலாடையைக் கையில் கொடுத்து, “நடுநடுவே ஏப்பம் விடவையுங்கள், இனி இரவு முறை உங்களுடையது” என்றீர்கள். பயத்துக்கு நேரமில்லாமல் போனது அன்றிலிருந்துதான். அறுவை சிகிச்சைக்கு 5 கிலோ எடை வேண்டும் என்றார்கள். அங்கன்வாடி டீச்சர் தராசு முள்ளை எங்களைவிட ஆவலாகப் பார்த்தார்.

புறநோயாளிகள் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாவின் பெயர் தெரியாது. பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த மகனின் பழைய படத்தைக் காட்டினார். தழும்பைத் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

ஏப்ரலில் உதடு, அடுத்த ஜனவரியில் அண்ணம். அதன் பிறகும் ‘ப’ மூக்கில் ஏறி ‘ம’ ஆனது. பல மாதங்கள் நானும் அவளுக்கு ‘அம்மா’தான். பேச்சுப் பயிற்சியாளர் தம்பி அவள் மூக்கின்கீழ் சிறு கண்ணாடியை வைத்துச் சொல்லச் சொல்வார். காற்று கசிந்தால் ஆவி படியும். ஆவி படியாத ‘அப்பா’ வந்த அன்று அவர் கண்ணாடியை என்னிடமே நீட்டினார்.

கீழ்வீட்டு அத்தை, உங்கள் வெள்ளிப் பாலாடையைத் திருப்பித் தர வெட்கமாக இருக்கிறது. பல் முளைத்த கையோடு உங்கள் பேத்தி அதன் ஓரத்தைக் கடித்து நசுக்கிவிட்டாள்.