அலமாரிச் சாவியைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும் தோத்திரம்.

மூன்று வாரத்துக்கு முன் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியும், அதன்பிறகு, இயேசு தம் சீடரான மகதலா மரியாவை மணந்தார் என்று கதை சொல்லும் 'டா வின்சி கோட்' நாவல் பிள்ளைகள் கைக்குப் போகாதிருக்க வாசகசாலை அலமாரிக்குப் புதுப் பூட்டு வந்ததும் நீங்கள் அறிந்ததே. பூட்டை வாங்கியதே நீங்கள்தான். அதனால் முதலிலிருந்து சொல்லவில்லை. அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கணக்கு நோட்டில் கிழித்த கட்டம் போட்ட தாள். ஒரே வரி: 'மகதலா மரியாவை இயேசு கல்யாணம் செய்தது உண்மையா டீச்சர்?' கீழே தன் பெயரையும் எழுதியிருந்தாள். என் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்த பேரவை உறுப்பினர், வகுப்பு முடியும்வரை அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தார். அதோடு அவள் வகுப்புக்கு வரவில்லை.

போன வாரம் வீட்டுக்குப் போனேன். அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். 'டா வின்சி கோட்' நாவலில் வருவதையெல்லாம் நடந்த வரலாறாகவே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "இவரு நல்லா விளக்கமா சொல்லுதாரு டீச்சர், யாரையும் ஏசல்ல" என்றாள். இதற்கு நாம் என்ன பதில் சொல்ல?

அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

2003-இல் டான் பிரவுன் எழுதிய அந்த நாவல், கதை தொடங்குமுன்னே 'உண்மை' என்று தலைப்புப் போட்டு, சீயோன் மடம் 1099-இல் தொடங்கிய இரகசிய சங்கம் என்கிறது. அது 1956-இல் பியேர் பிளாந்தார் என்ற பிரெஞ்சுக்காரர் பதிவு செய்த சங்கம். அதற்குப் பழமை காட்ட பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்த பத்திரங்கள் போலி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தில் ஓட்டுப்போட்டு, அதுவும் சொற்ப வித்தியாசத்தில், இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்பது அடுத்த சரடு. விசுவாச அறிக்கையில் கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர். விவிலியத்தில் எந்தெந்த நூல் சேரும் என்பதை அந்தப் பொதுச்சங்கம் முடிவு செய்யவே இல்லை. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள 27 நூல்களின் பட்டியல் 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில் வருகிறது.

கல்யாணத்துக்கு நாவல் காட்டும் சாட்சி பிலிப்பு நற்செய்தி. எகிப்தில் நாக் ஹம்மாதியில் 1945-இல் கிடைத்த கோப்து மொழிச் சுவடி. இயேசு மரியாவை முத்தமிட்டது எங்கே என்று வரும் இடத்தில் சுவடி சிதைந்து ஓட்டையாகிக் கிடக்கிறது. நாவல் அதில் 'வாய்' என்று நிரப்பிக்கொண்டது. பிள்ளை சிரித்துவிட்டாள். "ஓட்டைக்குள்ளயா டீச்சர் கல்யாணத்த நடத்துனாங்க?"

ஆனால் அடுத்த கேள்விக்கு நாம்தான் தலைகுனிய வேண்டியிருந்தது. "அப்போ மகதலா மரியா விபசாரின்னு பைபிள்ல எங்க இருக்கு?" எங்கேயும் இல்லை. 591-இல் திருத்தந்தை பெரிய கிரகோரி தம் மறையுரையில் வெவ்வேறு பெண்களை ஒருவராக்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 1969-இல் வழிபாட்டு நாட்காட்டியில் அதைச் சரிசெய்தார்கள். 2016-இல் அவருடைய ஜூலை 22 நினைவு நாள், திருத்தூதர்களுக்கு உள்ளதுபோல் விழாவாகவே உயர்ந்தது. நம் பங்கிலோ இந்தத் தவக்காலத்திலும் அதே பழைய பல்லவிதான் ஒலித்தது. நாவலாசிரியரை மட்டும் குற்றம் சொல்வது எப்படி?

திருச்சபை எதையோ ஒளிக்கிறது என்பதுதான் அந்த நாவலின் மொத்தக் கதையும். நம் அலமாரிப் பூட்டு அதற்கு இலவச விளம்பரம். 2006-இல் தமிழக அரசு அந்த நாவலின் திரைப்படத்தைத் தடை செய்து, உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியதே, அப்போது நம் ஊரில் திருட்டு சிடி கைமாறாத வீடு எது என்று நினைத்துப் பாருங்கள்.

நான் கேட்பது ஒரு ஞாயிறு மாலை, ஒரு மணி நேரம். நாவலை மேசைமேல் வைத்து, எது வரலாறு, எது கதை என்று பிள்ளைகளோடு பேச அனுமதி. அதற்கு 'நேரமில்லை' என்றீர்கள். திருவிழா வாணவேடிக்கைக்கு எத்தனை ரூபாய் என்று இரவு பதினொரு மணிவரை கூடிப் பேச மட்டும் நேரம் இருந்தது.   

வரலாற்றையும் கதையையும் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. மறைசாட்சி தேவசகாயம் தாகத்தில் தவித்தபோது முட்டிடிச்சான் பாறையில் தண்ணீர் சுரந்ததைப் பக்தியோடு சொல்கிறோம். அவர் 1752-இல் கொல்லப்பட்டதற்கு, 1756-இல் கொச்சி ஆயர் ரோமுக்கு எழுதிய அறிக்கையை ஆவணமாகக் காட்டுகிறோம். ஒன்றை மற்றொன்றோடு குழப்பாததால் 2022-இல் அவர் புனிதரானபோது யாருடைய விசுவாசமும் குறைந்துவிடவில்லை.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். ஒரு ஞாயிறு மாலை, ஒரு மணி நேரம், அலமாரிச் சாவி. வரும் ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவித்தால் போதும். நாற்காலிகளை நானே போட்டுவிடுவேன். கட்டம் போட்ட தாள் என் பைபிளுக்குள்தான் இருக்கிறது. முதல் கேள்வியாக அதையே வாசிக்கலாம், அவள் வந்தால் அவளே வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மறைக்கல்வி ஆசிரியை