புது புஷ் ஏன் ஆறு மாதத்தில் கிழிகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் முடிந்து சாலையெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடக்கும் மாதங்களில், லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வரிசைகட்டும். முன்பக்கம் டொக் டொக் என்கிறது, ஸ்டேரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்று எந்தக் குறை சொன்னாலும், "சஸ்பென்ஷனை (சக்கரத்தை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் பாகங்கள்) செட்டோடு மாற்றிவிடலாம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற பதில். மாற்றிய ஆறே மாதத்தில் அதே சத்தம் வந்தால், டூப்ளிகேட் பார்ட்ஸ் என்று கடைக்காரர் மேல் பழி விழுகிறது. பல சமயம் கோளாறு பொருளில் இல்லை, பொருத்திய விதத்தில் இருக்கிறது.

சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம், சட்டத்தில் மாட்டும் இடத்தில் இருக்கும் புஷ்ஷையே எடுத்துக்கொள்வோம். உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்புக் குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழல் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன்பின் சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் வழுக்காது, முறுக்கிக்கொண்டு திரும்பும். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழு டைட் வைத்தால், அந்தத் தொங்கும் நிலையே ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கேறிவிடும். வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு இறங்காது. அதன்மேல் ஒவ்வொரு பள்ளமும் கூடுதல் முறுக்கு. சில மாதங்களில் ஒட்டிய இடத்திலேயே கிழிந்துவிடும்.

இதற்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை. நட்டுகளைக் கையால் திருகி விட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் இரண்டடி தள்ளி, முன்பக்கத்தை நாலு முறை அமுக்கிவிட வேண்டும். பிறகுதான் பிட்டில் (வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் பள்ளம்) இறங்கி டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளவோடு வைக்கும் ஸ்பேனர்) முழு டைட். பிட் இல்லையென்றால், ஆர்மின் பால் ஜாயின்ட் (சக்கரப் பக்க உருண்டை இணைப்பு) முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, பாடி ஸ்டாண்டிலிருந்து லேசாக எழும்பும் வரை தூக்கி முறுக்கலாம். பின் ஆக்சில் புஷ்ஷுக்கும் இதே விதிதான். புஷ்ஷை மட்டும் தனியாக பிரஸ் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சில புஷ்களின் ரப்பரில் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் இருக்கும். பழையதில் அவை எந்தத் திசையில் இருந்தனவோ, புதியதிலும் அப்படியே வர வேண்டும். உள்ளே போகச் சிரமமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவலாம். என்ஜின் ஆயிலும் கிரீஸும் ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

எதை மாற்றுவது என்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. சிறு மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது மட்டும் டொக் டொக் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லிங்க் ராடு, அதாவது திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு ராடு. விலையும் குறைவு, வேலையும் குறைவு. சந்தேகம் தீரவில்லையா? இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. (திருப்பங்களில் வண்டி கூடுதலாகச் சாயும், வேகம் கூடாது.)

அடுத்தது பால் ஜாயின்ட். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட்டைப் பாருங்கள். ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவே கம்பி விட்டு நெம்பினால் உறுதியாகும். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஓட்டத்தில் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டேரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட்.

ஷாக் அப்சார்பர் மேல் லேசான ஆயில் ஈரம் இருப்பது குற்றமில்லை. வழிந்தால் மாற்ற வேண்டும். டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஷாக் போனதற்கு அடையாளம். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அதோடு ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பாடியில் மாட்டும் பாகம்), பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்), தூசி உறை எல்லாம் இரண்டிரண்டு. இவற்றை மிச்சம் பிடித்தால், பின்னால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்பிரிங்கை அதற்கான கம்ப்ரஸர் கருவியால் அமுக்காமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைத் தொடவே கூடாது. கயிறும் கம்பியும் கட்டிக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. ஷாக்கின் பளபளக்கும் ராடை பிளையரால் பிடித்துவிட்டால் அந்தக் கீறல் சீலைக் கிழிக்கும். புது ஷாக் சீக்கிரமே ஆயிலைக் கக்கும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவைக்க வேண்டும். நக்கிளை வெளியே அதிகம் சாய்த்தால் டிரைவ் ஷாஃப்ட் உள்ஜாயின்ட் கழன்றுவிடும். நைலான் வைத்த லாக் நட்டுகள் ஒருமுறைக்குத்தான்.

வீல் அலைன்மென்ட் எல்லாம் முடிந்த பிறகு. ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது காசைக் கரைப்பதுதான்.

பழைய உதிரிபாகக் கடைகள் உள்ள சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய பொருள் வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். கதவு, பம்பர், விளக்கு வாங்கலாம். ரப்பரும் பால் ஜாயின்ட்டும் ஷாக்கும் கூடாது. பெயின்ட் அடித்த பழைய ஷாக்கைப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பது மெக்கானிக்குக்கே கஷ்டம்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் தெருவுக்கு நாலு வேகத்தடை காத்திருக்கிறது. இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டுதலில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் என்று வட்டவடிவ வேகத்தடைக்கு அளவு இருக்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் கடப்பதற்கான கணக்கு அது. நம் தெருக்களில் இருப்பதோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும் தார்க் கட்டி. ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் செய்யும் முன் மாநகராட்சிப் பொறியாளர்கள் டேப் வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக், மதுரை.