ஓய்வுக்குப் பிறகு ஒரு கத்தரிக்கோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்றவர்கள் என்னென்ன செய்யலாம் என்று சென்ற வாரம் நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடைப்பயிற்சி, கோயில் குளம், பேரப்பிள்ளைகள், வேளாவேளைக்கு மாத்திரை என்று எழுதியிருந்ததெல்லாம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் காலம் பூராவும் ஆபீஸ் போய் வந்த மனுஷனுக்கு இது போதாது சார். நேற்று செய்ததைவிட இன்று கொஞ்சம் நன்றாக வந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு வேலை வேண்டும். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது காகிதம் வெட்டுவதில் கிடைத்தது. வண்ணத்தாளை நாலாக மடித்துப் பூ வெட்டுவது நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் செய்ததுதான், நானும் அங்கேயிருந்துதான் தொடங்கினேன்.

இந்த வயதில் இதெல்லாமா என்று கேட்பவர்களுக்கு மேரி டெலானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1700இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். பதினேழு வயதில், ஏறக்குறைய அறுபது வயது ஆளுக்குக் கட்டி வைத்தார்கள், அவர் சில வருடங்களில் இறந்துபோனார். வெகுகாலம் கழித்து மனம் ஒப்பிச் செய்துகொண்ட இரண்டாவது கணவரும் 1768இல் போய்விட்டார். அப்புறம் 72 வயதில், தோழியான போர்ட்லண்ட் சீமாட்டியின் மாளிகையில் தங்கியிருந்தபோது, அங்கே இருந்த ஒரு ஜெரேனியம் பூவும் கையில் இருந்த ஒரு காகிதமும் ஒரே சிவப்பாக இருப்பதைக் கவனித்து, இதழ் இதழாக வெட்டி ஒட்டியிருக்கிறார். உள்ளே வந்த சீமாட்டி அதை நிஜப் பூ என்றே நினைத்துவிட்டாராம். அன்று பிடித்த கத்தரிக்கோலை 1782இல் கண் பார்வை மங்கும் வரை அவர் கீழே வைக்கவில்லை. மொத்தம் 985 செடிகள், எல்லாம் கறுப்புப் பின்னணியில், ஒவ்வொன்றுக்கும் தாவரவியல் பெயரோடு. ஆயிரம் செய்து முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நூறு கௌரவர், ஐந்து பாண்டவர் என்று எண்ணிக் காட்டுவோமே, அந்தக் கிருஷ்ணகமலத்தின் இனத்தைச் சேர்ந்த பூ ஒன்றையும் செய்திருக்கிறார். அந்த ஒரு பூவுக்கு மட்டும் 230க்கு மேற்பட்ட காகிதத் துணுக்குகள்! இவை இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. படங்களை இணையத்தில் பார்க்கலாம், தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள்.

கத்தரிக்கோல் பிடிப்பதெல்லாம் ஆம்பிளைக்கு எதற்கு என்று என் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். சுவிட்சர்லாந்தில் ஹவுஸ்விர்த் என்று ஒருவர், 1809இல் பிறந்தவர், மலைக் கிராமங்களில் கூலி வேலை செய்து பிழைத்தவர். தங்க இடமும் சோறும் கொடுத்த வீடுகளுக்குக் காகிதத்தில் மாடுகள் மலையேறும் காட்சியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். கை அவ்வளவு பெரியது, விரல் நுழையாது என்று கத்தரிக்கோலில் கம்பி வளையம் கட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். இன்று அந்த வட்டாரமே அவரை முன்னோடியாகக் கொண்டாடுகிறது.

இதில் மனம் எப்படி லயிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே தாளில் வெட்டும்போது எல்லாம் எங்கேயாவது ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். மயிலின் கண்ணைச் சுற்றி முழுவட்டமாக வெட்டினால் கண் உதிர்ந்து விழுந்துவிடும், ஒரு நூலளவு காகிதத்தையாவது விட்டுவைக்க வேண்டும். அதை எங்கே விட்டால் உறுத்தாது என்று வெட்டுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும், அந்த யோசனையில்தான் மணிக்கணக்கில் உட்கார முடிகிறது. மதுரா, பிருந்தாவனத்தில் சாஞ்சி என்று கண்ணன் கதைகளைக் காகிதத்தில் வெட்டி, அதன் வழியாக வண்ணப்பொடி தூவிக் கோலமாக இறக்குகிறார்கள். அவர்கள் வெட்டும் கதம்ப மரத்தைப் பார்த்தால் இலைக்கும் கிளைக்கும் நடுவே எவ்வளவு மெல்லிய பிடிப்பு என்பது புரியும். அதேபோல உள்ளே உள்ள சின்ன ஓட்டைகளை முதலில் வெட்ட வேண்டும், வெளிக்கோடு கடைசியில்தான், இல்லையென்றால் தாள் துவண்டு கையில் நிற்காது. கத்தரிக்கோல் பிடித்த கையைத் திருப்பக் கூடாது, மற்றக் கையால் காகிதத்தைத்தான் திருப்ப வேண்டும். இது கைக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. நுனி கூரான சின்னக் கத்தரிக்கோல், பட்டம் விடுகிற காகிதம், பகல் வெளிச்சம் வரும் ஜன்னல், அவ்வளவே. கை நடுக்கம் அதிகம் உள்ளவர்கள் கொஞ்சம் தடித்த தாளில் பெரிய உருவங்களை வெட்டலாம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். நூலகங்களில் மத்தியானம் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள்தான். வாரம் ஒரு நாள் அங்கே ஒரு மேசை கொடுத்தால் நாங்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்போம், இதைப் பற்றி உங்கள் பத்திரிகை எழுதினால் அதிகாரிகள் காதில் விழும். அப்புறம் ஞாயிறு இணைப்பில் குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கை அகல இடம் ஒதுக்கி, வாரம் ஒரு வடிவம் அச்சிடுங்கள். வரைந்து அனுப்ப நான் தயார், காசு எதுவும் வேண்டாம். நியூஸ்பிரிண்ட் தாள் சீக்கிரம் கிழியும் என்பதால் முதல் சில வாரங்களுக்கு மெல்லிய கோடுகள் இல்லாத உருவங்களாக இருக்கட்டும், யானை, மாங்காய், மீன் மாதிரி. பக்கத்தின் பின்புறம் விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி