ஏழுமலைக்கு, மண்வாசனை பற்றி

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள ஏழுமலை,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. போனில் பேசினால் ரெண்டு நிமிஷத்தில் "சரி, வச்சிடறேன்" என்பவன், இன்லண்டு லெட்டரில் மட்டும் பசை ஒட்டும் ஓரம்வரை எழுதித் தள்ளியிருக்கிறாய். மூன்று தடவை படித்தேன். ஆடி மழை ஒருவழியாக இறங்கியதும், மல்லாட்டை விதைத்ததும், மழை விட்டபின் வரப்பில் நின்று மண்வாசனையை இழுத்து இழுத்து மோந்ததும் எல்லாம் சரி. நடுவில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய் பார்: "ஆஸ்பத்திரி லேபில முப்பத்திரண்டு வருஷம் கிருமியையே பார்த்துட்டிருந்தியே, உனக்கு வெறுத்துப் போகலையா?" அதற்குப் பதில் எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். கடைசி வரியில் போகிற போக்கில் எழுதினாயே, சளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கின விஷயம், அதற்கும் பதில் உண்டு. அது அப்புறம்.

முதலில் மண்வாசனை. நீ மோந்ததே கிருமியின் வாசனைதான், தெரியுமா? மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று ஒரு பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறது. பூஞ்சணம் மாதிரி நூல் நூலாக ஓடும். அது உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாசனையில் பெரும்பங்கு. காய்ந்த மண்ணில் மழைத்துளி விழும்போது அடியில் குட்டிக் குமிழிகள் கிளம்பி வெடிக்கின்றன. அவை வாசனையைக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. நம் மூக்குக்கு இதில் மட்டும் அப்படி ஒரு கூர்மை. லட்சம் கோடிப் பங்கு தண்ணீரில் பத்துப் பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். மண்ணுக்குள் தத்தித் திரியும் சின்னப் பூச்சிகளுக்கும் இந்த வாசனை பிடிக்குமாம். மோப்பம் பிடித்து வந்து பாக்டீரியாவைத் தின்று, அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு போய் வேறு இடத்தில் உதிர்க்கின்றன. பூ வாசனைக்குத் தேனீ வருகிற கதைதான்.

ஏரி மீனில் ஒரு மண்வாடை அடிக்குமே, அதுவும் இதே ஜியோஸ்மின்தான். தண்ணீரில் அதை உண்டாக்குவது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. பாசி என்று பெயரே தவிர அதுவும் பாக்டீரியா இனம். புளிப்பு பட்டால் அந்தப் பொருள் சிதைந்துவிடும். உன் வீட்டில் தங்கச்சி, ஏரி மீனைப் புளித்தண்ணீரில் அலசிவிட்டு, குழம்பிலும் புளியைத் தூக்கலாகக் கரைத்து விடுகிறாளே, அதில் சரியான ரசாயனம் இருக்கிறது. நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே, அப்புறம் எனக்கும் ஒரு கிண்டல் வரும்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். 1943இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்று ஒரு பையன், இருபத்து மூன்று வயது, செல்மன் வாக்ஸ்மன் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தான். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று எதைக் கொண்டு கொல்கின்றன என்று தேடுவது அவன் வேலை. டிபி கிருமியை வைத்து வேலை செய்ததால் அடித்தளத்து அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அக்டோபரில் எரு போட்ட வயல் மண்ணிலிருந்து ஒன்றும், கோழியின் தொண்டையிலிருந்து ஒன்றுமாக அந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டத்தில் ஒரு வகையைப் பிரித்தெடுத்தான். அது சுரந்த பொருள்தான் ஸ்ட்ரெப்டோமைசின். டிபிக்கு உலகத்தில் கிடைத்த முதல் சரியான மருந்து. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. பையன் அதற்கு முன்பே கோர்ட்டுக்குப் போய்த் தானும் கண்டுபிடித்தவன்தான் என்று எழுதி வாங்கியிருந்தான். அப்படியும் பரிசுக்காரர்கள் அசையவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம்தான். லேபில் ராத்திரியும் பகலுமாகக் கிடந்தவன் பெயர் பின்னால் போவது ஒன்றும் புதிதில்லை என்றாலும்.

ஆக, நீ வரப்பில் நின்று மோந்த கூட்டத்தின் பங்காளி ஒருத்தன் கொடுத்த ஆயுதத்தை வைத்துத்தான் நாங்கள் ஆஸ்பத்திரியில் இன்னொரு பாக்டீரியாவோடு மல்லுக்கட்டினோம். வெறுத்துப் போகலையா என்று கேட்கிறாயே, யாரை வெறுக்கட்டும்?

என் மேசையை நீ பார்த்ததில்லை. விடிந்ததும் சளி டப்பாக்கள் வரிசையாக வந்துவிடும். ஈர்க்குச்சியால் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, காயவைத்து, கார்பால் ஃபக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சுடர் காட்ட வேண்டும். ஆவி பறக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. அந்தப் பதம் வர எனக்கு ஆறு மாதம் ஆனது. அப்புறம் ஆசிட் ஊற்றிக் கழுவினால் எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு இறங்கிவிடும். டிபி கிருமியிலிருந்து மட்டும் இறங்காது. மெழுகுச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிற ஆசாமி அது. மேலே நீலச் சாயம் கொடுத்து எண்ணெய் லென்ஸில் பார்த்தால், நீல வயலில் யாரோ சிவப்பு நூலை நறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். நூறு பீல்டு, அதாவது லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம் நூறு, பார்த்து எண்ண வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் நெகடிவ். நூறாவது பீல்டில் ஒன்று தென்பட்டால் வயிற்றில் பகீர் என்கும். அந்த ஸ்லைடு ஒரு மனுஷன், ஏழுமலை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

ஒரு நெசவுக்காரர் வந்தார். ஊர், பெயர் வேண்டாம். பத்துக்கு மேல் ஒரு பீல்டில், அதாவது மூணு பிளஸ். ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரை ஆரம்பித்தார்கள். ரெண்டே மாதத்தில் இருமல் நின்றது, எடை ஏறியது, தறியில் உட்கார்ந்துவிட்டார். நல்லாயிட்டேன், இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் அவர் மனைவிதான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். மறுபடி மூணு பிளஸ். சளியை வெளி லேபுக்கு அனுப்பிக் கிருமியை வளர்த்துப் பார்த்ததில் முக்கியமான ரெண்டு மருந்துக்குமே அந்தக் கிருமி மசியவில்லை. ஊசியும் மாத்திரையுமாக ரெண்டு வருஷம் போராடி ஆள் பிழைத்தார். ஆனால் அந்த ஊசி காதைப் பாதிக்கும். "என்ன சார் சொன்னீங்க?" என்று ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்பார். இப்போது ஊசியே இல்லாத ஆறு மாதச் சிகிச்சை இந்த வகைக்கும் வந்துவிட்டது. அவருக்குத்தான் சீக்கிரம் வந்து தொலைத்துவிட்டது நோய்.

ஏன் ஆறு மாதம் என்று அவர் கேட்டபோது எனக்குப் பொறுமையாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது உனக்குச் சொல்கிறேன். வயிற்றில் இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா தோதான இடம் கிடைத்தால் இருபது நிமிஷத்தில் ரெண்டாகும். டிபி கிருமிக்கு முக்கால் நாள் வேண்டும். சில கிருமிகள் வேலையே செய்யாமல் தூங்கும். தூங்குகிறவனை மருந்து தொடாது. அதோடு கோடிக்கணக்கில் இருக்கிற கூட்டத்தில் பிறவியிலேயே ஒரு மருந்துக்கு அசையாதவன் ஒருத்தனாவது இருப்பான். ஒரே மருந்து கொடுத்தால் மற்றவர்கள் செத்து, அவன் பரம்பரை மட்டும் தழைக்கும். பிரிட்டனில் 1948இல் வெளியான ஆய்வு இதற்குச் சாட்சி. ஸ்ட்ரெப்டோமைசின் போட்ட 55 பேரில் முதல் ஆறு மாதத்தில் இறந்தது 4 பேர். போடாமல் படுக்கையில் வைத்திருந்த 52 பேரில் 14. ஆகா என்று எல்லோரும் குதித்தார்கள். ஐந்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், இறந்தவர்கள் மருந்து போட்ட பக்கம் 32, போடாத பக்கம் 35. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் இன்றைக்கு நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதில் ரிஃபாம்பிசினும் ஒரு மண் பாக்டீரியாவின் சரக்குதான், பிரான்சின் கடற்கரைப் பக்கத்துப் பைன் காட்டு மண். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். மாத்திரை போட்டேன் என்று பொய் சொல்கிறவர்களை நாங்கள் அதை வைத்தே பிடிப்போம்.

நம் கணக்கு வாத்தியார் ஞாபகம் இருக்கிறதா? அவருக்கு டிபி; 'எலும்புருக்கி' என்று ஊரே குசுகுசுத்தது. தாம்பரம் சானடோரியத்தில், டிபிக்காரர்களைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில், ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவருக்கு டீக்கடையில் தனி கிளாஸ், அதையும் கூரையில் செருகி வைத்திருப்பார்கள். உங்கள் அம்மாதான் வீட்டுச் சொம்பிலேயே மோர் கொடுத்தார்கள். உன் பாட்டி அன்றைக்கு முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அப்போதே மெட்ராஸில் அந்த பயத்துக்குப் பதில் வந்துவிட்டது. 1956இல் சேத்துப்பட்டில் டிபி சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். இருநூறு பேர் அளவில் நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்துப் பால், முட்டை, ஓய்வு எல்லாம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு நெரிசலான தங்கள் வீட்டிலேயே மாத்திரை. ஒரு வருஷத்தில் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணம். வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து ஆரம்பிக்குமுன்பே பரவ வேண்டியது பரவியிருக்கும். 1959இல் முடிவு வெளியானது. உலகம் சானடோரியங்களை மூடியதில் மெட்ராஸ் சொன்னதுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர் டீக்கடைக்குத்தான் சேதி வந்து சேரவில்லை. இங்கே மின்சார ரயிலில் 'சானடோரியம்' ஸ்டேஷன் வரும்போதெல்லாம் வாத்தியார் முகம் வரும். பக்கத்தில் காதில் ஒயர் மாட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயர்.

சரி, உன் நிலத்துக்கு வருவோம். விதைக்குமுன் வேளாண்மை ஆபீஸில் ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியாப் பொட்டலம் வாங்கி, ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி நிழலில் உலர்த்தினாயா, இல்லை வழக்கம்போல "அதெல்லாம் மண்ணிலேயே இருக்கு" என்று விட்டுவிட்டாயா? முப்பது நாள் கழித்து ஒரு செடியை வேர் அறாமல் தோண்டி எடு. வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது; காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக்கிச் செடிக்குக் கொடுத்துவிட்டுச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சிவப்பு நம் ரத்தத்துச் சிவப்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீ பாட்டுக்கு யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் முடிச்சு குறைந்துவிடும். சோறு வீடு தேடி வந்தால் செடி எதற்குச் சமையல்காரனை வைத்துக்கொள்ளும்?

இப்போது அந்த மாத்திரை. "நாலு வாங்கினேன், ரெண்டு போட்டதும் சரியாயிடுச்சு, மீதியை எடுத்து வச்சிருக்கேன்" என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா பார். இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சரக்கு. கடைக்காரர் கொடுத்தது தப்பு, நீ கேட்டது அதைவிடத் தப்பு. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆண்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. போட்டாலும் போடாவிட்டாலும் நாலைந்து நாளில் குறையத்தான் செய்யும். ஆனால் உன் உடம்பில் இருக்கிற பாக்டீரியாக்கள், 38 லட்சம் கோடி என்று ஒரு கணக்கு, அதில் பெரும்பாலானவை குடலில் சோற்றுக்குக் காவல் இருப்பவை, அவர்கள்மேல் அடி விழுந்திருக்கும். அடிபட்டுச் சாகாமல் நின்றவன் அந்தத் தந்திரத்தைப் பக்கத்தில் இருப்பவனுக்கும் கைமாற்றிக் கொடுப்பான். உறவுகூட இருக்க வேண்டியதில்லை. நாளைக்கு உனக்கே நிஜமாக ஒரு நிமோனியா வந்து, இதே மருந்து வேலை செய்யாமல் போனால் யாரைக் கேட்பாய்?

நானும் யோக்கியன் இல்லை. போன மாசி மாதம் பல் வலிக்குப் பக்கத்துத் தெரு க்ளினிக்கில் எழுதிக் கொடுத்த ஆண்டிபயாடிக்கை எதற்கு, எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்கினேன். மூணாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்து ஒரு வாரம் மோர்ச்சோறுதான். லேபில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வரவில்லை.

உனக்கு ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மட்டும் விளையாடாதே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடு. இப்போது ரெண்டு மணி நேரத்தில் மெஷினே சொல்லிவிடுகிறது, மருந்து கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்து. எங்கள் காலத்தில் முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தில் வளர்த்து ஆறு, எட்டு வாரம் காத்துக் கிடப்போம்.

ஆவணி முதல் ஞாயிறு வருகிறேன். பேத்தியும் வருவாள், பள்ளிக்கூடத்தில் பாக்டீரியா பாடம் நடக்கிறதாம், படம் மட்டும் வரைந்து வைத்திருக்கிறாள். என் பழைய கை லென்ஸைக் கொண்டுவருகிறேன். அதற்குள் எல்லாச் செடிக்கும் களை வெட்டி மண் அணைத்துவிடாதே, கரையோரம் ரெண்டு செடியை எங்களுக்கு விட்டு வை. மீதி ரெண்டு மாத்திரையையும் எடுத்து வை, அதற்கு நான் பொறுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ஏரியில் தண்ணீர் இருந்தால் மீனுக்கும் சொல்லி வைக்கச் சொல், புளி நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்