அடுத்த வேளை மாத்திரைக்கு முன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உன் நாய் தேனுவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாய் என்று நேற்று கேட்டதும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஆனால் பேச்சை முடிக்கும்போது, "வலி மாத்திரை பத்து நாளைக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு வேளைகூட விடாமல் கொடுத்து முடித்துவிடுவேன் அம்மா" என்றாய் அல்லவா, அந்தச் சொல் இரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை. நீ விடுதியில் தங்கிப் படித்த ஆண்டில் நம் வீட்டு நாய் கறுப்பன் நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தது உனக்குத் தெரியும். அது என் கையால் நேர்ந்தது என்பதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

அவன் வயிற்றில் இருந்த ஒரு கட்டியை அகற்றியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவன் உணவைத் தொடவில்லை. அறுத்த இடம் வலிக்கிறது, வலி அடங்கினால் தானாகச் சாப்பிடுவான் என்று நானே முடிவுகட்டி, அவன் வாயைத் திறந்து வெறும் வயிற்றில் மாத்திரையைத் தள்ளினேன். மறுநாள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மாத்திரையும் வெளியே வந்திருக்கும் என்று எண்ணி இன்னொன்றைக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவன் மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தது. ஈறுகள் வெளுத்துப் போயிருந்தன. இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசிகிறது என்றார் மருத்துவர். தொடங்கிய மருந்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது ஆன்டிபயாட்டிக் மருந்துக்குச் சொல்லப்படும் விதி; அதை வலி மருந்துக்கும் பொருத்திக்கொண்டதுதான் நான் செய்த பிழை.

கறுப்பனுக்குக் கொடுத்த மெலாக்சிகாமும், இப்போது தேனுவுக்குக் கொடுத்திருக்கும் கார்ப்ரோஃபெனும் ஒரே குடும்பத்து வலி மருந்துகள். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உருவாவதை இவை குறைக்கின்றன. வீக்கத்தையும் வலியையும் தூண்டுவது அந்தப் பொருள். ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், உடலில் நீர் வற்றும்போதோ இரத்த அழுத்தம் தாழும்போதோ சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதுவேதான். நன்றாக உண்டு, நீர் குடித்து, நடமாடும் நாய்களில் பெரும்பாலானவை இம்மருந்துகளைத் தொல்லையின்றித் தாங்கிக்கொள்கின்றன. உண்ணாமல், வாந்தியால் நீர் இழந்து, மயக்க மருந்தின் சோர்வும் முழுதாக நீங்காத நாய்க்கு, காவல் எடுக்கப்பட்ட இரைப்பையும் சிறுநீரகமும் ஒரே நேரத்தில் அடி வாங்குகின்றன. கறுப்பனுக்கு நான் தேர்ந்தெடுத்த நேரம் அதுதான்.

ஆகவே ஒவ்வொரு மாத்திரைக்கும் முன் அவள் சாப்பிட்டாளா என்று பார். சாப்பிடாவிட்டால், வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், மலம் கறுத்தாலோ அதில் இரத்தம் தெரிந்தாலோ, வழக்கத்தைவிட மிக அதிகமாக நீர் குடித்துச் சிறுநீர் கழித்தால், அந்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழை. ஈறில் விரலை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். அதையும் தினமும் பார்த்துப் பழகிக்கொள், இயல்பான நிறம் கண்ணில் பதிந்திருந்தால்தான் மாற்றம் தெரியும். கண்ணின் வெண்பகுதியோ ஈறோ மஞ்சளித்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அது அரிது, ஆனால் சரியான அளவில் கொடுத்தாலும் வரக்கூடியது, பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள் தென்படுவது, எந்த நாய்க்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது. முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், வலிப்பு, மயங்கி விழுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் தொலைபேசியில் நேரத்தைக் கழிக்காமல் தூக்கிக்கொண்டு போய்விடு.

முதல் இரவு அவள் முனகியதையும் தள்ளாடியதையும் பற்றிச் சொன்னாய். அதற்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. மயக்க மருந்தும், மருத்துவமனையில் போட்டிருக்கக்கூடிய ஓபியாய்டு என்னும் கடும் வலி நீக்கி ஊசியும் சில நாய்களை இப்படி நிலைகொள்ளாமல் ஆக்கும். மூச்சுக்குழாயில் குழல் செருகியதால் லேசான இருமலும் இருக்கலாம். ஒரு நாளுக்குள் இவை தணிய வேண்டும். இரவில் கொடுக்கச் சொல்லியிருக்கும் கபாபென்டின் என்னும் இன்னொரு வலி மருந்து தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும். அறுத்த முழங்காலுடன் அவள் சறுக்கி விழுந்துவிடாதபடி தரையில் விரிப்புப் போட்டு வை. அந்த மருந்து தீர்ந்துபோனால் மனிதர்களுக்கான கபாபென்டின் திரவத்தை வாங்கிவிடாதே. அவற்றில் சிலவற்றில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். அது நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தி, கல்லீரலையும் அழிக்கக்கூடியது.

சென்ற ஆண்டு தோல் அரிப்புக்குக் கொடுத்த பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரைகள் உன் அலமாரியில் மீதம் இருக்கும் என்று நினைக்கிறேன். அவள் மீண்டும் சொறிந்தாலும் அதை இப்போது தொடாதே. ஸ்டீராய்டும் கார்ப்ரோஃபெனும் ஒன்றுசேர்ந்தால் இரைப்பையில் ஓட்டையே விழக்கூடும். நாம் விழுங்கும் இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென், ஆஸ்பிரின் எதுவும் அவளுக்கு ஆகாது. மருத்துவர் சொல்லாமல் பாராசிட்டமாலும் வேண்டாம். வேறு ஏதாவது மருந்து அவள் உட்கொண்டிருந்தால், துணை உணவுப் பொடி உட்பட, அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடு.

அளவையும் நீயே ஒருமுறை சரிபார்த்துக்கொள். கார்ப்ரோஃபெனின் வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 4.4 மில்லிகிராம், 25 கிலோ எடையுள்ள தேனுவுக்கு அது 110 மில்லிகிராம், ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ. மருத்துவர் எழுதியது இதிலிருந்து விலகித் தெரிந்தால் நீயாகக் கூட்டாதே, குறைக்காதே, கேள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. மென்று தின்னும் மாத்திரைகளில் இறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். நாய்கள் குப்பியையே கடித்து உடைத்து மொத்தத்தையும் தின்றுவிடுவது உண்டு. அவள் எட்டாத உயரத்தில், மூடிய அலமாரிக்குள் வை.

இதையெல்லாம் படித்துவிட்டு, பயத்தில் வலி மருந்தே வேண்டாம் என்று நீ முடிவெடுத்துவிடுவாயோ என்றும் கலங்குகிறேன். அதுவும் அவளுக்குச் செய்யும் கொடுமைதான். நாய் வலியை மறைக்கும்; நடுங்கும், படுக்க முடியாமல் நின்றுகொண்டே இருக்கும், ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும், அவ்வளவே. அடங்காத வலி உறக்கத்தையும் பசியையும் கெடுத்து, காலை ஊன்றவிடாமல் செய்து, குணமாவதையே தள்ளிப்போடும். ஒரு வேளை மருந்து சில மணி நேரம் தாமதமானால் அவள் கொஞ்சம் வலியைப் பொறுத்துக்கொள்வாள், அதற்குள் மருத்துவர் வேறு மருந்து சொல்லிவிடுவார். வாந்தி எடுக்கும் வயிற்றில் போட்ட ஒரு மாத்திரையை நம்மால் திரும்ப எடுக்க முடியாது. மருந்து மாற்றும்போது, பழையது உடலை விட்டு நீங்க எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்றும் அவரிடம் கேட்டுக்கொள்.

கறுப்பனுக்கு நான்கு நாள் சொட்டு மருந்து ஏற்றி, புண் ஆற மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பிய அன்று, நான் கையில் வைத்து நீட்டிய உணவைச் சற்று நேரம் முகர்ந்து பார்த்த பிறகே அவன் வாயில் வைத்தான். அந்தச் சற்று நேரம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

இன்றிரவு மாத்திரை கொடுக்கும் முன், அவள் எவ்வளவு சாப்பிட்டாள், மலம் என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுது. எந்நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா