அண்ணாந்து குடிக்க வைத்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மூன்று வாரம் நான்தான் கஞ்சி புகட்டினேன். தலையணையில் சாய்த்து, முகத்தை அண்ணாத்தி, டம்ளரிலிருந்து ஊற்றுவேன். நம் வீடுகளில் அண்ணாந்து குடிப்பதுதானே வழக்கம்! ஒவ்வொரு மடக்குக்கும் இருமல். அப்புறம் நிமோனியா. மருத்துவமனையில் மாத்திரைச் சீட்டு தந்தார்கள். எப்படி விழுங்க வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு பார்த்த பேச்சு சிகிச்சையாளர்தான் விளக்கினார். அண்ணாந்தால், தொண்டை விழுங்கத் தயாராகும் முன்பே கஞ்சி உள்ளே ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். நிமிர்ந்து உட்கார்ந்து மோவாயை நெஞ்சை நோக்கித் தாழ்த்தினால் மூச்சுக்குழாயின் வாசல் குறுகும். அப்பாவுக்குத் தொண்டையில் இடப்பக்கம் பலவீனம். முகத்தையும் இடப்பக்கமே திருப்பச் சொன்னார். நான் நல்ல பக்கம் திருப்ப வேண்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்! திருப்பிய பக்கத்தில் வழி அடைபட்டு, உணவு மறுபக்கமாக இறங்குமாம்.

இது எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்கு மோவாயைத் தாழ்த்துவதே வினையாகலாம். எக்ஸ்ரே வீடியோவில் விழுங்குவதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு முடிவு செய்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், மாத்திரைகளுக்குக் கீழே இதற்கும் இரண்டு வரி எழுதினால் என்ன?

– ஒரு மகள், மயிலாடுதுறை